தொப்பை போட்ட சுவர்

என் மகள் மரீஹா மண் படித்தவள். கேலி இல்லை, நிஜமாகவே. எஞ்சினியரிங் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய், மண்ணைப் பற்றியே மேற்படிப்பு படித்தாள். "மண்ணு படிக்கவா பொம்பளப் புள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பினே?" என்று முல்லா வீதியில் எங்கள் சொந்தக்காரி ஒருத்தி நாலு பேர் முன்னால் கேட்டாள். "ஆமாங்கக்கா, உங்க பசங்க படிச்சு மண்ணாப் போனாங்க, என் பொண்ணு மண்ணைப் படிச்சாவது ஆளாவட்டுமே" என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. போகட்டும். அவர்கள் பிரியாணியில் எப்போதும் உப்பு கம்மி.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஐஸ் வியாபாரம் செய்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் சரக்கு உருகிப் போகும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் அத்தா எனக்கு விட்டுப்போன ஐஸ் யார்டு இருக்கிறது. உழவர்கரையில் இருக்கும் ஐஸ் கம்பெனியிலிருந்து லாரியில் பாளம் பாளமாக ஐஸ் வரும். லாரி யார்டின் ஓரம்வரை பின்பக்கமாக வந்து நிற்கும். அங்கே நொறுக்கும் மிஷினில் பாளத்தைப் போட்டால், தகரச் சறுக்கில் சரசரவென்று தூளாகக் கீழே இறங்கும். கீழே படகுக்காரர்கள் பெட்டியும் கூடையுமாக நின்று வாங்கிக்கொள்வார்கள். யார்டு மேடு, துறைமுகப் பாதை பள்ளம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆளைவிடக் கொஞ்சம் உயரமான சுவர்தான் மேட்டு மண்ணைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அந்தச் சுவர் போன மழைக்காலத்தில் பிளந்துகொண்டது. சக்கரபாணி என்ற கான்ட்ராக்டர் கட்டிய கான்கிரீட் சுவர். முதலில் தலைமுடிபோல ஒரு கீறல் விட்டது. அப்புறம் விரல் நுழைந்தது. ஒரு நாள் காலையில் ஐஸ் லாரி டிரைவர் கோவிந்தராசு லாரியைப் பின்னால் எடுத்தபோது சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, லாரியின் பின்சக்கரம் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அந்த நேரம் கீழே ஒருத்தரும் நிற்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். கோவிந்தராசு கதவைத் திறந்து குதித்த குதியில் அவர் செருப்பு ஒன்று யார்டிலும் ஒன்று துறைமுகத்திலும் கிடந்தன.

படகுக்காரர்கள் சங்கத்தில் கூடிப் பேசி எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் நாளில் நல்ல சுவர் இருந்தால் என்னிடம் ஐஸ் வாங்குவார்கள். இல்லாவிட்டால் எதிர்க்கரை யார்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சுவருக்குக் கீழே நிற்கப் போவது அவர்கள் பெண்டு பிள்ளைகள். ஒருமுறை வேறு யார்டுக்குப் போன படகு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

என் வீட்டுக்காரர் ஜமால், "இன்னொரு கான்கிரீட் சுவரே போட்டுருவோம், இன்னும் கனமா" என்றார். சக்கரபாணியும் வந்து உட்கார்ந்து, போன தடவை சிமெண்டு சரியில்லை, கம்பி சரியில்லை, மழை சரியில்லை என்று எல்லாவற்றையும் குறை சொல்லி டீ குடித்தார். அப்போதுதான் மரீஹா உள்ளே இருந்து வந்தாள்.

"அங்கிள், கீழ இருக்கறது களிமண்ணு. உப்பங்கழி பக்கம். எவ்ளோ கனமா சுவர் வச்சாலும் உக்காரும். ஒரு எடத்துல அதிகமா உக்காரும், ஒரு எடத்துல கம்மியா உக்காரும். கான்கிரீட்டு அதுக்கு வளைஞ்சு குடுக்காது. பிளந்துக்கும்."

"அப்ப எதைத்தான் வைக்கிறது பாப்பா? ரப்பர்லயா?"

"மண்ணையே வைக்கலாம். மண்ணு ஒரு அடுக்கு, அதுக்கு மேல ஜியோகிரிட்னு கட்டம் போட்ட விரிப்பு ஒரு அடுக்கு, மறுபடி மண்ணு. இடிச்சு இடிச்சு ஏத்திக்கிட்டே போவணும். முகப்புல வெறும் பிளாக் கல்லு. ஜியோகிரிட்டோட ஒரு நுனி கல்லுக்குள்ள மாட்டியிருக்கும், மத்ததெல்லாம் உள்ள மண்ணுக்குள்ள நீளமா போயிருக்கும். மண்ணு வெளிய தள்ளப் பாக்கும், அது உள்ள இழுத்துப் புடிக்கும்."

"அசையாதா?"

"அசையும். கொஞ்சம் அசையணும். கயித்துக்கட்டில்ல உக்காந்தா மொதல்ல தொய்யுதில்ல? தொய்ஞ்சு, கயிறு விறைச்ச பிறகுதானே தாங்குது? அதேதான்."

சக்கரபாணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாயம்மா, பீச் ரோட்டுல வெள்ளைக்காரன் கட்டின கடல் சுவரு இன்னிக்கும் நிக்குது. அது அசையுதா? சுவருன்னா அசையக் கூடாது. அசைஞ்சா அது சுவரு இல்ல, திரைச்சீலை."

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பொய் சொல்வானேன். ஆனால் என் மகளை என் வீட்டில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே ஒருத்தர் நக்கலடிப்பதா? மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உங்க சுவரு அசையாமத்தான் இருந்துச்சு, விழற வரைக்கும்" என்றேன். "இது எங்க அத்தா எனக்குக் குடுத்த எடம். என் எடத்து மண்ணை என் பொண்ணே நிறுத்தட்டும்." ஜமால் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தடைக்காலம் என்பதால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகிறவர்கள் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். கன்னியப்பன் படகுக்காரர், எங்கள் பழைய வாடிக்கை. அவரும் அவர் சம்சாரம் சின்னப்பொண்ணும் படகில் கூட வருகிற ஆட்களோடு வேலைக்கு வந்தார்கள். நம்பிக்கையான மனிதர்கள். ஒரு வேலையை எடுத்தால் முகம் கோணாமல் முடிப்பார்கள்.

பழைய சுவரை இடித்து அள்ளி, அடித்தளம் போட்டு, முதல் வரிசைக் கல்லை வைத்தாயிற்று. ஜியோகிரிட் சுருள்கள் லாரியில் வந்து இறங்கின. கறுப்பாக, கட்டம் கட்டமாகப் பின்னி, மெழுகு பூசியது மாதிரி இருந்தது. அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒருத்தன் ஜீவகிரி என்றான், ஒருத்தன் சிவகிரி என்றான். கன்னியப்பன் சுருளை விரலால் நீவிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "அட, இது நம்ம வலை!" என்றார். அன்றிலிருந்து எல்லாருக்கும் அது வலைதான். மரீஹாவும் சிரித்துக்கொண்டே, "சரி, வலைன்னே சொல்லுங்க. நல்லா இழுத்து, சுருக்கம் இல்லாம விரிக்கணும். சுருளோட நீளவாட்டம் சுவர்லேருந்து யார்டு உள்பக்கமா போவணும்" என்று கையால் காட்டினாள். மறுநாள் காலையில் தானே நின்று முதல் அடுக்கைப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஜமாலுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி. துடித்துவிட்டார். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். "மண்ணு ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கமா நம்ம குடும்பத்துக்கு?" என்று அந்த வலியிலும் அவர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நானும் மரீஹாவும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். ஐஸ் யார்டு எங்கள் நினைவில் பாதிதான் இருந்தது.

கன்னியப்பன்தான் போன் செய்தார். "நீங்க பாயைப் பாருங்க பாப்பா. வேலை நிக்கக் கூடாது, தடைக்காலம் முடிஞ்சுடும். நாங்க ஏத்திக்கிட்டே போறோம்."

மரீஹா ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டாள். "மண்ணை ஒவ்வொரு அடுக்கும் தண்ணி தெளிச்சு நல்லா இடிச்சீங்களா?"

"கல்லு மாதிரி இருக்குது பாப்பா."

"வலைய நல்லா இழுத்து விரிச்சீங்களா?"

"ஒரு சுருக்கம் கெடையாது. வலை விரிக்க எங்களுக்கா சொல்லித் தரணும்?"

மரீஹா சரி என்று வைத்துவிட்டாள்.

ஜமாலை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாலை யார்டுக்குப் போனோம். சுவர் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு வந்துவிட்டது. கல் வரிசை நூல் பிடித்தது போல நேராக இருந்தது. மேலே மண் நிரவி, இடித்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். மரீஹா சுவரை வருடிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை நடந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியபோதுகூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுவர் தொப்பை போட்டது.

நடுவயிற்றில், பார்த்தாலே தெரிகிற அளவுக்கு. மரீஹா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டிப் பார்த்தாள். கோடியில் நூலைத் தொட்டுக்கொண்டிருந்த சுவர் நடுவில் நூலை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. "கொஞ்சம் வரும்னு சொன்னியேடி" என்றேன். "கொஞ்சம்னா இவ்ளோ இல்லம்மா" என்றாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் வந்திருந்தது.

இந்த மாதிரி சமயத்தில்தானே வரவேண்டியவர்கள் வருவார்கள். சக்கரபாணி ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். "இன்னா பாயம்மா, உங்க சுவரு முழுகாம இருக்குது போல. எத்தனை மாசம்?"

"உங்க சுவரு மாதிரி நடுரோட்டுல பெத்துப் போடல இல்ல, போங்க" என்றேன். வாய்தான் பேசியது. அவர் ஸ்கூட்டர் திரும்பியதும் நானே போய் இன்னொரு தடவை நூலைப் பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டில் மரீஹா சாப்பிடவில்லை. காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு போட்ட கணக்கையே மறுபடி மறுபடி போட்டாள். மண்ணின் எடை, லாரியின் எடை, களிமண் எவ்வளவு உட்காரும், எல்லாம். கணக்கு சரியாகத்தான் வருகிறது, சுவர்தான் சரியாக வரவில்லை. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, சக்கரபாணி அங்கிளையே கூப்பிட்டுடு" என்றாள். "எனக்குத் தெரியல. நான் படிச்சதுல எதுவோ தப்பாயிருக்கு. உன் பொழப்புல வெளையாடிட்டேன்."

எனக்கு நெஞ்சை அறுத்தது. ஐஸ் போனால் போகிறது, நாளைக்கு வேறு வியாபாரம் செய்யலாம். இவள் இனிமேல் எந்த மண்ணைப் பார்த்தாலும் பயப்படுவாளே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "எந்திரி, வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன்.

யார்டில் கன்னியப்பனும் ஆட்களும் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். நான் போன வேகத்தில் கத்தினேன். "இன்னா கன்னியப்பா, என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க? இடிச்சீங்களா இல்ல மண்ணைத் தடவிக் குடுத்தீங்களா? விரிச்சீங்களா இல்ல சுருட்டிப் போட்டு மூடினீங்களா?"

கன்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தார். "பாயம்மா, உங்க வாய் எனக்குத் தெரியும், அதனால ஒண்ணும் நெனைக்கல. ஆனா வேலையில மட்டும் குறை சொல்லாதீங்க. அந்த வலைய எங்க சொந்த வலையா நெனச்சு விரிச்சோம். பாப்பா நீளத்தைச் சொன்னாங்க. நீள நீளமா, சுவரு கோடிலேருந்து கோடி வரைக்கும், பக்கத்துல பக்கத்துல அடுக்கி, ஒரு இஞ்சு மண்ணு தெரியாம மூடினோம். மொத்த சுருள்ல ஒரு எடத்துலயாவது கத்தி பட்டிருக்குமா? கேளுங்க இவளை. ஒரே ஒரு வெட்டு கெடையாது!"

"ஆமாங்கம்மா" என்றாள் சின்னப்பொண்ணு. "கோடில மிச்சம் இருந்ததைக்கூட வெட்டாம மடிச்சு உள்ள வச்சோம்."

என் பின்னால் மரீஹா ஒரு சத்தம் போட்டாள். விக்கலா, சிரிப்பா, தெரியவில்லை. "என்னண்ணா சொன்னீங்க? வெட்டவே இல்லியா?"

"வலைய வெட்டுவாங்களா பாப்பா?"

மரீஹா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறாள். பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சின்னப்பொண்ணு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். "அம்மா, கணக்கு சரிம்மா!" என்றாள் மரீஹா. "என் கணக்கு சரி! வலை குறுக்கால கெடக்கு!"

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கச் சொன்னாள். கம்பெனியிலிருந்து மாதிரிக்கு அனுப்பியிருந்த ஒரு துண்டை எடுத்து, கன்னியப்பனை ஒரு நுனியிலும் அவர் ஆள் ஒருவனை மறு நுனியிலும் நிற்க வைத்து நீளவாட்டத்தில் இழுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். அசையவில்லை. அதையே திருப்பி அகலவாட்டத்தில் இழுக்கச் சொன்னாள். கட்டங்கள் விலகி, இழைகள் நகர்ந்து, துண்டு இளகிக் கொடுத்தது. மீன் வலை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரிதான் தாங்கும். இது அப்படி இல்லை. இதன் பலமெல்லாம் நீளத்தில்தான். அந்த நீளம் சுவரிலிருந்து உள்ளே போயிருந்தால்தான் பிடித்து இழுக்கும். இவர்கள் சுவரோடு சுவராக நெடுக விரித்துவிட்டார்கள். உள்ளே இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் சுவர் வெளியே வந்துவிட்டது.

கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாப்பா, நான் கெட்டது நெனைக்கலியே."

"நீங்க ரொம்ப நல்லது நெனச்சிட்டீங்கண்ணா, அதான் தொல்லை" என்றாள் மரீஹா. அவள் குரலில் பழைய துடுக்கு திரும்பியிருந்தது. எனக்கு அதுவே போதும்.

சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். கான்கிரீட்டாக இருந்தால் உடைத்துக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். இதில் கல்லும் மண்ணும் அப்படியே திரும்ப உபயோகப்படும், தளர்ந்துபோன ஜியோகிரிட்டுக்குப் பதிலாகப் புதிது மட்டும் வேண்டும் என்றாள். அதற்கும் சென்னைக்குப் போன் போட்டாள். தடைக்காலம் முடிய இருப்பதோ கொஞ்ச நாள். யாரும் மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் பிரித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது, வெட்டுகிற இடம் வரைக்கும்.

புதுச் சுருளைப் பிரித்து, அளந்து, மரீஹா கத்தரிக்கோலைக் கன்னியப்பனிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேற எது வேணா சொல்லு பாப்பா. வலைல கத்தி வைக்க மாட்டேன். அதுவும் கடலுக்குப் போகப்போற நேரத்துல." மற்றவர்களும் அப்படியே. ஒருத்தன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒருத்தன் காலைச் சொறிந்துகொண்டிருந்தான். கத்தரிக்கோலைத் தொட யாருமில்லை. மரீஹா தானே வெட்டப் போனாள். "நீ வெட்டினாலும் எங்க கண்ணு முன்னாடி வேணாம்மா" என்று சின்னப்பொண்ணு கெஞ்சினாள்.

நான் யோசித்தேன். பேர்தானே இத்தனைக்கும் காரணம்? "சரி, இது வலை இல்ல" என்றேன். "இன்னிலேருந்து இது பாய்."

அன்றைக்குத்தான் முதல் முறையாக எழுந்து வெளியே வந்திருந்த ஜமால், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாயை உக்கார வச்சிக்கிட்டே பாயை வெட்டுன்னு சொல்றீங்களே பாயம்மா!"

"வெட்டட்டும்பா" என்றார் ஜமால். "அவ தினமும் வாயால வெட்டிக்கிட்டுத்தானே இருக்கா."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கத்தரிக்கோலைத் தொடவில்லை. பாயை வெட்டினால் கோரை பிரிந்து போகுமாம். இவர்களோடு என்ன செய்வது?

சின்னப்பொண்ணின் ரவிக்கையைப் பார்த்தேன். நான் தைத்துக் கொடுத்தது. எனக்குத் தையல் கொஞ்சம் வரும், தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுப்பேன். "ஏண்டி, உன் ரவிக்கைத் துணியை நான் வெட்டித்தானே தைச்சேன்? வெட்டாம அப்படியே சுத்திவிட்டிருந்தா நீ ஊருக்குள்ள நடக்க முடியுமா?"

"அதெப்படிங்கம்மா?"

"இதுவும் துணிதான். கடை பேரு போட்டு சென்னைலேருந்து வந்த துணி. கடல்ல போடப்போறது இல்ல, மீன் புடிக்கப்போறது இல்ல. சுவருக்குச் சட்டை தைக்கப்போறோம். நெடுக்குவாட்டம் உள்ள போவணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, அளவு நாடாவை வைத்து, முதல் வெட்டை நானே வெட்டினேன். இரண்டாவது துண்டுக்குச் சின்னப்பொண்ணு எனக்கு எதிரே உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதுக்குக் கத்தரிக்கோலை என்னிடமிருந்து பிடுங்கினாள். "நீங்க கோணலா வெட்டறீங்கம்மா." அப்புறம் கன்னியப்பனும் உட்கார்ந்தார். "துணி, துணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெட்டினார்.

இந்த முறை மரீஹா ஓர் அடுக்கைக்கூட யாரையும் நம்பி விடவில்லை. ஒவ்வொரு துண்டும் கல்லுக்குள் மாட்டி, உள்ளே நீட்டி, இழுத்து, அதன் மேல் மண் போட்டு இடித்த பிறகுதான் அடுத்தது. கல்லுக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஜல்லி போட்டார்கள். வெயிலில் அவள் கறுத்துப் போனாள். பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று என் மாமியார் கவலைப்பட்டார். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவன் எனக்கு மருமகனாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தடைக்காலம் முடிந்து படகு போகிற நாள் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகத் துறைமுகம் முழுக்கக் கூட்டம். டீசல் வாடை, மாலை போட்ட படகுகள், சூடம், கூச்சல். எங்கள் சுவருக்குச் சற்றுத் தள்ளிக் கன்னியப்பன் ஆட்களும் மற்ற படகுக்காரர்களும் ஐஸ் பெட்டியோடு நின்றார்கள். எதிர்க்கரை யார்டில் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குக் காதில் ஊசி ஏற்றியது. சக்கரபாணியும் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

கோவிந்தராசு ஐஸ் லாரியை யார்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார். "பாயம்மா, மன்னிச்சிடுங்க. லோடோட அந்த ஓரத்துக்கு நான் வரமாட்டேன். போன தடவை நான் பொழச்சதே பெரிசு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

படகுக்காரர்களில் ரெண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைப் பக்கம் திரும்பினார்கள். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. யார்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி, சுவருக்கு நேர் கீழே, மிஷினுக்கு அடியில் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். "கோவிந்தராசு, இப்ப எடுங்க லாரிய! விழுந்தா எம் மேல விழட்டும்!"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது மேலேயிருந்து மரீஹா போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்.

"அம்மா! எந்திரி அங்கேருந்து!"

"நீ கட்டின சுவரு விழாதுடி!"

"விழாது. ஆனா எந்திரி. மொத லோடு ஏத்தும்போது கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது. அது சட்டம். நீ எந்திரிக்கிற வரைக்கும் லாரி நகராது." இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். கண் சிவந்திருந்தது. மெதுவாகச் சொன்னாள். "நீ என்னை நம்புறேன்னா, நான் சொல்றதைக் கேளும்மா."

நான் எழுந்துவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டு, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம் என்று ஜமால் இன்றைக்கும் சொல்வார்.

மரீஹா கூட்டத்தைத் தள்ளி நிற்க வைத்தாள். நூலைக் கட்டினாள். கோவிந்தராசுவிடம் போய், "அண்ணா, மெதுவா வாங்க. நான் வண்டில உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நான் சொல்ற எடத்துல நிறுத்துங்க. சுவரு கொஞ்சம் நகரும், நூல்ல தெரியும். அதுக்கு பயப்படாதீங்க, அதுதான் அதோட வேலை" என்றாள். ஏறி உட்கார்ந்தும் விட்டாள். அவர் வேறு வழியில்லாமல் ஏறினார்.

லாரி பின்னால் வந்தது. மேலே இருப்பவள் என் மகள். கீழே நிற்கிற நான் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்சக்கரம் ஓரத்துக்கு வந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மொத்த பாரமும் சுவர்மேல் உட்கார்ந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்ல ஒரு நெறிகிற சத்தம் கேட்டது. சக்கரபாணி ஓர் அடி பின்னால் போனார்.

மரீஹா இறங்கி வந்து, சுவருக்கு நேர் கீழே போகாமல், கோடியிலேயே நூலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பார்த்தாள். எழுந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள்.

"பாப்பா, எவ்ளோ?" என்று கன்னியப்பன் தாங்க முடியாமல் கேட்டார்.

"ஒரு அரிசி அளவுண்ணா. வந்துச்சு. அங்கியே நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?"

"துணி விறைச்சிடுச்சு" என்றாள் மரீஹா.

சின்னப்பொண்ணு குலவை போட்டாள். எதிர்க்கரைக்குத் திரும்பிய அந்த ரெண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி பெட்டியோடு வரிசையில் வந்து நின்றார்கள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி ஐஸ் கொடுத்தேன். சக்கரபாணி சுவர்ப் பக்கம் வந்து கல்லைத் தட்டிப் பார்த்து, "பாப்பா, அரியாங்குப்பத்துல எனக்கு ஒரு வேலை இருக்குது, அதுவும் களிமண்ணுதான், ஒரு தடவை வந்து பாக்கறியா?" என்று கேட்டார். பரவாயில்லை, மனிதர்தான் அவரும். மரீஹா திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

லாரி லாரியாக வந்து போனது. ஒவ்வொரு லாரிக்கும் அவள் நூலைப் பார்த்தாள். நூல் நின்ற இடத்தில் நின்றது. படகுகள் எல்லாம் ஐஸ் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டிப் போயின. கடைசிப் படகும் போன பிறகு, தகரச் சறுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, மிஷினை நிறுத்தினேன். கீழே மரீஹா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, சுவரை ஒட்டிப் போட்டு, துப்பட்டாவால் துடைத்தாள்.

"இப்ப உக்காரும்மா" என்றாள்.

இறங்கிப் போய் உட்கார்ந்தேன். முதுகைச் சுவரில் சாய்த்தேன். ஐஸ் தண்ணீர் ஊறிக் கல் ஜில்லென்று இருந்தது. அவள் என் காலடியில் மண்ணில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். மேலே கோவிந்தராசு காலி லாரியை எடுக்க வந்தார். எழுந்திருக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.